பெயர்ப்பட்டியலைக் கீழிருந்து படியுங்கள்: பிலிப்பைன்ஸ் சண்டைப் படத்துக்கு ஓர் அறிமுகத் தாள் எழுதும் முறை

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எங்கள் அறையில் முதலில் கேட்பது செருப்புத் தேடும் சத்தம். அவிநாசி, பெருமாநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்துவிடுவார்கள். நான் கதவோரம் ஸ்விட்ச் பக்கத்தில் நிற்பேன். கடைசிப் பெயர் மேலே ஏறி மறைகிற வரை விளக்கைப் போடுவதில்லை. ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது பாதிப் பேராவது உட்கார்ந்து பார்க்கிறார்கள். கையில் ஒரு தாள் இருப்பதுதான் காரணம். தாளில் இருக்கிற பெயர் திரையில் வருகிறதா என்று விரல் வைத்துத் தேடுகிறார்கள்.

திருப்பூரில் ஒரு வேஸ்ட் பனியன் குடோனுக்கு மேல் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுப் படம் போடுகிறோம். முப்பது பேர் உட்காரலாம். வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டிங், செக்கிங், பேக்கிங் வேலை செய்கிறவர்கள். படம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு தாள் கொடுப்போம்: யார் எடுத்தார்கள், யார் நடித்தார்கள், யார் விளக்குப் பிடித்தார்கள், எல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில். பொள்ளாச்சியிலும் ஈரோட்டிலும் இரண்டு நண்பர்கள் இதேபோல் தொடங்கப் போகிறார்கள். இருவருமே பிலிப்பைன்ஸ் சண்டைப் படத்தில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்து, தாள் எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும், இனித் தொடங்கப் போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக 2013-இல் எரிக் மாட்டி இயக்கிய 'ஆன் தி ஜாப்' படத்தை வைத்துக்கொள்வோம். சிறைக் கைதிகளைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டு, ஆளைக் கொல்ல வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி உள்ளே அடைத்துவிடுகிற கதை அது.

தாளுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படத்தின் உரிமை வைத்திருக்கிறவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி அனுமதி வாங்குங்கள். ஒரே காட்சி, இத்தனை பேர், கட்டணம் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதில் வரத் தாமதமானால் வேறு படம் போடுங்கள். உழைத்தவர்கள் பெயரை மதிக்கச் சொல்லித் தாள் எழுதிவிட்டு, அவர்கள் படத்தையே திருட்டுத்தனமாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் முறை பார்க்கும்போது பேனாவைத் தொடாதீர்கள். சும்மா பாருங்கள். இரண்டாவது முறை, முதல் பெயர் வருகிற இடத்திலும் கடைசிப் பெயர்கள் ஓடுகிற இடத்திலும் மட்டும் நிறுத்தி நிறுத்தி, போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திரையில் இருப்பதுதான் முதல் ஆதாரம். இணையத்தில் கிடைக்கிற பட்டியல்களை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும்.

அப்புறம், கீழிருந்து படியுங்கள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்குச் சொந்த ஊர் கோபி. நெல்வயலும் வாய்க்காலும் கொடிவேரி அணையும் இருப்பதால் சென்னையிலிருந்து ஷூட்டிங் யூனிட் வந்துகொண்டே இருக்கும். 'குட்டிக் கோடம்பாக்கம்' என்றே எங்கள் ஊரைச் சொல்வார்கள். அப்பா அவர்களுக்கு மாட்டுவண்டி, ஏர், கூட்டத்தில் நிற்க ஆள், நடவுப் பெண்கள் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பார். ராத்திரி ஷூட்டிங் என்றால் அம்மா போட்டுத் தருகிற டீயைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போவேன். மூன்று மணிக்கு ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் வரப்பில் சாய்ந்து தூங்குகிற லைட்மேன்களைத் தட்டி எழுப்பி டம்ளர் கொடுத்திருக்கிறேன். ஒரு படத்தின் மேனேஜர், "பேர் போட்டுடறோம் அண்ணா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். படம் வந்ததும் அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நாலு வரி கூடப் போகவில்லை; ஆபரேட்டர் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வா கண்ணு, பஸ் போயிரும்" என்றார். அவ்வளவுதான்.

இன்று எனக்கு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஒரு டி-ஷர்ட் சாம்பிள் கைக்கு வந்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். பிரிண்ட் நன்றாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். தையல் எப்படி என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். படத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

'ஆன் தி ஜாப்' படத்தில் இதற்குப் பெரிய பலன் கிடைத்தது. அந்தக் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? எரிக் மாட்டி முன்பு ஒரு கம்பெனிக்காக வேலை செய்தபோது அந்தப் படக்குழுவில் இருந்த ஒருவர், தான் கைதியாக இருந்த காலத்தில் கொலைக்காக வெளியே அனுப்பப்பட்டு மறுபடி உள்ளே போனதாக அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சுதான் பல வருஷம் கழித்துப் படமானது. குழுவில் வேலை பார்க்கிற ஒருவர் சொன்னதை ஒரு இயக்குநர் காது கொடுத்துக் கேட்டதால் வந்த படம் இது. எங்கள் தாளில் முதல் வரியே அதுதான். நீங்கள் எந்தப் படம் எடுத்தாலும் இப்படி ஒரு வேர் இருக்கிறதா என்று இயக்குநரின் பேட்டிகளில் தேடுங்கள்.

இனி, பெயர்களைப் படிக்கும் விதம். பிலிப்பைன்ஸ் படங்களில் பலவற்றில் பட்டியல் ஆங்கிலத்திலேயே இருக்கும். அந்த நாட்டு மொழியான தகலோகில் இருந்தால் பயப்பட வேண்டாம், நாலைந்து சொல் போதும். 'ஸா டிரெக்ஸியோன் நி' என்றால் இயக்கம் இன்னார். ஒருவர் பெயருக்கு முன் 'நி' வரும்; ஒருவருக்கு மேல் என்றால் அதுவே 'நினா' ஆகிவிடும். 'குவெந்தோ' கதை, 'டூலாங் பம்பெலிகுலா' திரைக்கதை, 'மூசிகா' இசை. 'இபினகிகிலாலா' என்று வந்தால் நம் 'அறிமுகம்'. பேச்சில் கதாநாயகனை 'பிடா' என்பார்கள், வில்லனை 'கொன்ட்ராபிடா' என்பார்கள். இந்தக் கடைசி இரண்டு சொல்லையும் தாளில் அப்படியே போடுங்கள். எங்கள் கூட்டத்தில் பிள்ளைகள் இப்போது தமிழ்ப் படத்து வில்லனைக் கூட கொன்ட்ராபிடா என்றுதான் சொல்கிறார்கள்.

பெயர்கள் ஸ்பானியப் பெயர் போல இருப்பதைப் பார்த்து இவர்கள் எல்லாம் ஸ்பானிய வம்சம் என்று எழுதிவிடாதீர்கள். 1849-இல் ஸ்பானிய ஆளுநர் நார்சிஸோ கிளாவேரியா போட்ட உத்தரவின்படி ஒரு பட்டியலிலிருந்து குடும்பப் பெயர்கள் கொடுக்கப்பட்டன. அதனால்தான் ஊர் ஊராக அப்படி. நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் என்றால் அப்பா. அங்கே நடுவில் வருகிற பெயர் பெரும்பாலும் அம்மா பிறந்த வீட்டுப் பெயர். இதை ஒரு வரியில் சொன்னால் நம் ஆட்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பெரிய குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு பெயரில் வருவார். அந்த நாட்டின் மிகப் பெரிய சண்டைப்பட நாயகன் ஃபெர்னாண்டோ போ ஜூனியர், நடிக்கும்போது அந்தப் பெயர். இயக்கும்போது ரொன்வால்டோ ரேயஸ். இன்றைய நட்சத்திரம் கோகோ மார்ட்டின் இயக்கும்போது ரோடெல் நசியன்செனோ என்ற சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார். 2009-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கிய பிரிலாண்டே மெண்டோசா, அதற்கு முன் கலை இயக்கம் செய்த படங்களில் டான்டே மெண்டோசா. இரண்டு ஆள் என்று எண்ணி எழுதினால் தாள் முழுக்கத் தப்பாகிவிடும்.

தமிழில் பெயரை எழுதும்போது நடிகரே தன் பெயரைச் சொல்கிற பேட்டி ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நான் முதலில் எரிக் 'மத்தி' என்று எழுதிவிட்டேன். படித்தால் மீன் ஞாபகம்தான் வருகிறது. உச்சரிப்பைக் கேட்டபின் 'மாட்டி' என்று திருத்தினேன்.

நடிகர் பகுதிக்கு வருவோம். பத்துப் பெயர்களை அடுக்காதீர்கள், நாலு பேர் போதும். ஆனால் ஒவ்வொருவரைப் பற்றியும், 'இவரை ஏன் இந்த வேடத்துக்குப் போட்டார்கள்' என்று ஒரு வரி வேண்டும். இந்தப் படத்தில் அதற்கு நல்ல தீனி இருக்கிறது. வயதான கொலைகாரராக ஜோயல் டோரே. படத்தில் அவரை 'தாதாங்' என்று கூப்பிடுவார்கள். நம் காதுக்குத் தாத்தா என்றே விழும்; அங்கே அது அப்பாவையும் வயதில் மூத்தவரையும் அழைக்கிற சொல். ஜோயல் டோரே 1982-இல் பெக்கே கல்யாகா இயக்கிய 'ஓரோ, பிளாட்டா, மாட்டா' காலத்திலிருந்து நடிக்கிறவர். கோழியைச் சுட்டு விற்கிற உணவகங்களும் நடத்துகிறார். அவரிடம் தொழில் கற்கிற இளைய கைதியாக ஜெரால்ட் ஆண்டர்சன், வழக்கை விசாரிக்கிற அதிகாரியாகப் பியோலோ பாஸ்குவால். இருவரையும் அந்த ஊர் ஜனங்கள் காதல் கதைகளில் பார்த்துப் பழகியவர்கள். பதவி உயர்வே கிடைக்காத நேர்மையான போலீஸ்காரராக ஜோயி மார்க்கேஸ். அவர் அங்கே சிரிப்பு நடிகர். பரான்யாக்கே நகரத்துக்கு மேயராகவும் இருந்தவர். சிரிக்க வைத்தே பழகிய ஒரு முகம் படம் முழுக்கச் சிரிக்காமல் இருக்கிறது என்பது அந்த நாட்டு ரசிகனுக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். நமக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தாள்.

ஃபெர்னாண்டோ போவைப் பற்றி எழுதினால் 'பிலிப்பைன்ஸின் எம்.ஜி.ஆர்.' என்று ஒரு வரியில் முடிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏழைகளின் பக்கம் நிற்கிற வேடங்கள், ஜனங்களின் பாசம், அரசியல், எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் எம்.ஜி.ஆர். 1977-இல் ஜெயித்து முதலமைச்சர் ஆனார். போ 2004-இல் அதிபர் தேர்தலில் தோற்று, அதே வருஷம் டிசம்பரில் இறந்துபோனார். அவருடைய நண்பரும் சண்டைப்பட நடிகருமான ஜோசப் எஸ்த்ராடாதான் 1998-இல் அதிபரானவர். அவரையும் 2001-இல் ஜனங்கள் தெருவில் இறங்கிப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஒப்பிடுங்கள், ஆனால் எங்கே ஒப்பு முடிகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சண்டைப் படம் என்பதால் சண்டை அமைத்தவர் பெயரை விட்டுவிடக் கூடாது. திரையில் 'ஃபைட் டைரக்டர்', 'ஆக்‌ஷன் டைரக்டர்', 'ஸ்டண்ட் கோஆர்டினேட்டர்' என்று பலவிதமாக வரும். பிலிப்பைன்ஸுக்கு ஆர்னிஸ் என்று சொந்தக் கம்புச் சண்டை இருக்கிறது. பிரம்புக் கழியை வைத்து ஆடுவார்கள். 2009-இல் சட்டம் போட்டு அதைத் தேசிய விளையாட்டு ஆக்கினார்கள். நம் பக்கத்துச் சிலம்பத்தில் கம்பு ஆள் உயரம் இருக்கும், வீச்சும் அகலம். ஆர்னிஸில் கழி ஏறக்குறைய ஒரு கை நீளம்தான், நெருங்கி நின்று அடி. சிலம்பம் கற்ற ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் மணிக்கட்டு எப்படி மாறுகிறது என்று காட்டினார். பத்து வரி எழுதினாலும் அது புரிந்திருக்காது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், கூப்பிடுங்கள்.

சண்டையே பிரதானமாக வேண்டும் என்றால் இதே இயக்குநர் 2018-இல் எடுத்த 'பைபஸ்ட்' சரியான படம். ஆன் கர்ட்டிஸ் அதுவரை காதல் படங்களிலும் மதிய நேர டிவி நிகழ்ச்சியிலும் சிரித்த முகமாகத் தெரிந்தவர். இதில் போதைத் தடுப்புப் போலீஸ். கூடவே நிற்கிற பிராண்டன் வேரா நிஜத்திலேயே கூண்டுச் சண்டை வீரர். எனக்கென்னவோ முதல் படம் 'ஆன் தி ஜாப்' ஆகவே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. அதில் அடியைவிடப் பயம் அதிகம்.

ஒரு பெயரை மட்டும் எடுத்து வால்பிடித்துப் போய்ப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஜான் ஆர்சில்லா என்று ஒரு நடிகர். பிரிட்டிஷ்காரர் ஷான் எல்லிஸ் 2013-இல் தகலோகிலேயே எடுத்த 'மெட்ரோ மணிலா' படத்தில் பணவண்டிக் காவலாளியாக இரண்டாவது இடத்தில் வருவார். அந்தப் படத்துக்கு வசனம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, நடிகர்களே தங்கள் பேச்சைத் தகலோகுக்கு மாற்றிக்கொண்டார்கள், கேமராவும் எல்லிஸ்தான். அடுத்த வருஷமே இந்தியில் 'சிட்டிலைட்ஸ்' என்று அது மறுபடி எடுக்கப்பட்டது. 2015-இல் 'ஹெனரல் லூனா' படத்தில் ராணுவத் தளபதி லூனாவாக ஆர்சில்லா கதாநாயகன் ஆனார். 2021-இல் 'ஆன் தி ஜாப்' படத்தின் அடுத்த பாகமான 'தி மிஸ்ஸிங் 8' வந்தது, மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் நடித்ததற்காக வெனிஸ் விழாவில் சிறந்த நடிகருக்கான வோல்பி கோப்பை அவருக்குக் கிடைத்தது. ஓரமாக நின்ற ஒரு பெயர் எட்டு வருஷத்தில் எங்கே போய் நின்றது என்று தாளில் ஒரு பத்தி போட்டேன். பேக்கிங்கில் வேலை செய்கிற ஒரு தம்பி அதை மட்டும் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

விருது எழுதும்போது கவனம். 'ஆன் தி ஜாப்' கானுக்குப் போனது உண்மை, ஆனால் போட்டிப் பிரிவுக்கு அல்ல. 'டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்' என்ற பிரிவுக்கு. அது பிரெஞ்சு இயக்குநர் சங்கம் 1969-இலிருந்து தனியாக நடத்துவது. தென்கொரியாவின் புச்சோன் விழாவில் ஜோயல் டோரேவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. விழா நடத்துகிறவர்கள் வெளியிட்ட பட்டியலில் பார்த்த பிறகுதான் விருதை எழுத வேண்டும். அதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மற்ற தொழில்நுட்பக் கலைஞர்களில் எழுத்து, படத்தொகுப்பு, இசை ஆகியவற்றுக்குப் பெயர் மட்டும் போதும். இந்தப் படத்தில் மாட்டியோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் மிச்சிகோ யமமோட்டோ, இசை எர்வின் ரொமுலோ. கலை இயக்குநருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி கொடுங்கள். இதில் ரிச்சர்ட் சோம்ஸ். அவரும் படம் இயக்குகிறவர். அந்த நெரிசலான சிறையை நிஜ ஜெயில் என்றே எங்கள் கூட்டத்தில் பலர் நினைத்தார்கள். செட் என்று தாளில் படித்ததும் மறுபடி அந்தக் காட்சியைப் போடச் சொன்னார்கள்.

தாளின் அடியில் ஒரு பெட்டி கட்டி, வேலை நிலைமை பற்றி எழுதுவேன். எடி கார்சியா என்ற பெயர் பிலிப்பைன்ஸில் தெரியாதவர் இல்லை. நாயகன், குணச்சித்திரம், இயக்கம் மூன்றுக்குமே அந்த நாட்டுத் திரைப்பட விருதான ஃபாமஸின் நிரந்தர கௌரவப் பட்டியலில் இடம் பெற்றவர். 2019 ஜூன் 8 அன்று, 90 வயதில், மணிலாவின் டோண்டோ பகுதியில் ஒரு டிவி தொடருக்காகச் சண்டைக் காட்சியில் நடித்துக்கொண்டிருந்தபோது தரையில் கிடந்த கேபிள் தடுக்கி விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து 12 நாள் கழித்து இறந்துபோனார். அவர் பெயராலேயே 2024-இல் ஒரு சட்டம் வந்தது. படம், டிவி வேலையில் இருக்கிற எல்லோருக்கும் அது பொருந்தும். வழக்கமான வேலை நாள் 8 மணி நேரம், நீட்டினாலும் 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 60 மணி நேரம்தான் உச்சம். இதைத் தட்டச்சு செய்தபோது எனக்கு அந்த வரப்பில் தூங்கிய லைட்மேன்கள்தான் கண்ணில் நின்றார்கள். நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு நேராகப் படம் பார்க்க வருகிறவர்கள் எங்கள் அறையில் உண்டு. அவர்கள் முதலில் படிப்பது இந்தப் பெட்டியைத்தான்.

எல்லாம் சேர்ந்ததும் ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு வெட்டுங்கள். எழுத்து 13 அளவுக்குக் குறைய வேண்டாம். அறையில் வெளிச்சம் குறைவு, கண்ணாடி எடுத்து வராதவர்கள் இருப்பார்கள். வரிசை நான் வைப்பது இப்படி: கதை பிறந்த இடம், பிறகு விளக்கு, வண்டி, சாப்பாடு, பிறகு கலை, சண்டை, நடிகர்கள், கடைசியில் இயக்குநர். திரையிலிருந்து எடுத்த சின்ன எழுத்துப் பெயர்களில் முடிந்தவரை எல்லாவற்றையும் சேருங்கள். இடம் போதவில்லை என்றால் கதைச்சுருக்கத்தை வெட்டுங்கள். கதையைத்தான் எப்படியும் பார்க்கப் போகிறார்களே.

போன மாதம் படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, செக்கிங்கில் இருக்கிற ஒரு அக்கா ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, சமையல்காரங்க பேரு கூட இதுல போடுவாங்களா?"

"போடுவாங்க அக்கா. கேட்டரிங்னு வரும், கடைசிப் பக்கமா."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் 'மெட்ரோ மணிலா'. தாள் பாதி எழுதிவிட்டேன். டிரைவர்கள் பெயரை மட்டும் இன்னும் திரையிலிருந்து எடுக்க வேண்டும்.